மழை குறைந்த சில வாரங்களிலேயே வறட்சி வருவது எப்படி? எப்படிச் சமாளிப்பது?

வறட்சி என்றாலே மாதக்கணக்கில் மெல்ல வருவது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் ‘திடீர் வறட்சி’ எனப்படும் இந்த வகையில் இரண்டு மூன்று வாரங்களிலேயே மண் காய்ந்துவிடும். மழைக்குறைவு மட்டும் இதற்குக் காரணமில்லை. கடும் வெயில், வறண்ட காற்று, மேகமற்ற வானம் எல்லாம் சேர்ந்து மண்ணிலும் இலையிலும் உள்ள நீரை உறிஞ்சிவிடுகின்றன. மண் காய்ந்தபின் ஆவியாவதற்கு நீர் இல்லாததால் வெயிலின் ஆற்றலில் பெரும்பகுதி காற்றைச் சூடாக்கவே போகிறது. சூடான காற்று இன்னும் அதிக நீரை இழுக்கும். இந்தச் சுழற்சிதான் அவ்வளவு வேகத்தைத் தருகிறது. 2012-இல் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், வசந்தத்தில் செழிப்பாகத் தெரிந்த மக்காச்சோள வயல்கள் ஜூலைக்குள் வாடிப்போயின.

சரி, என்ன செய்யலாம்? மழையளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தாமதமாகிவிடும். மண் ஈரத்தையும் ஆவியாதலின் வேகத்தையும் வாரந்தோறும் கவனியுங்கள். பாசன நீர் கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் பூக்கும் பருவத்துக்கு ஒதுக்குங்கள். தானியப் பயிர்களில் அந்தக் கட்டம் தவறினால், பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் மகசூல் முழுதாக மீளாது. அப்புறம், களையை உடனே எடுங்கள், அதுவும் நீர் குடிக்கிறது. மண்ணை வைக்கோல், இலைதழை கொண்டு மூடும் மூடாக்கை ஈரம் இருக்கும்போதே போட வேண்டும். கால்நடை வளர்ப்பவர்கள் மேய்ச்சல் நிலம் தீய்வதற்கு முன்பே தீவனம் சேர்த்துக்கொள்வது நல்லது.