டிரோன் அப்பறம் வாங்கிக்கலாம் தம்பி

வணக்கம் அண்ணா,

மும்பையில வீடியோ, சிசிடிவி எல்லாம் வச்சு கலை வேலை பண்ற ‘கேம்ப்’ங்கற குழுவ பத்தி நீங்க எழுதினத படிச்சேன். பாலக்கோடுல நாங்க நாலு பேரு. ஒருத்தன் லோக்கல் கேபிள், ஒருத்தன் ஃபிளெக்ஸ் டிசைன், ஒருத்தன் கூத்து வீடியோ எடுத்து யூடியூப்ல போடறான், நான் டிப்ளமோ முடிச்சுட்டு சும்மா இருக்கேன். அதே மாதிரி ஒரு குழு ஆரம்பிக்கணும்னு ஆசை. மொதல்ல டிரோன் வாங்கலாம்னு பேச்சு ஓடுது. ஆனா இதெல்லாம் கேலரிக்காரங்க சமாச்சாரமாச்சே, நம்மூருக்கு ஆவுமா?

– பாலக்கோடு வாசகர்

தம்பி,

கேலரி சமாச்சாரம்ங்கறது பாதி நெசம்தான். 2025-ல நியூயார்க்ல இருக்கற மோமாங்கற நவீன கலை மியூசியத்துல அவங்களுக்குன்னு தனியா கண்காட்சியே நடந்துச்சு, அவங்க எழுதற குறிப்ப படிச்சா எனக்கே சில நேரம் தலை சுத்தும். ஆனா வேலை எங்க, எத வச்சு நடந்துச்சுன்னு பாருங்க. ஷைனா ஆனந்த், அசோக் சுகுமாரன், சஞ்சய் பங்கர் சேந்து கேம்ப்ப ஆரம்பிச்சது 2007-ல. அதுக்கு முந்தின வருஷம் ஷைனா டெல்லி கிர்கி எக்ஸ்டென்ஷன் சந்துகள்ல ஒண்ணு பண்ணாங்க. வீடு, கடைன்னு அங்கங்க ஒரு டிவி, அது மேல சின்ன சிசிடிவி கேமரா, ஒரு மைக், எல்லாத்தையும் கேபிள் ஒயர்ல இழுத்து ஒரு குவாட் பெட்டில சேத்தாச்சு. ஸ்க்ரீன் நாலா பிரிஞ்சு நாலு எடமும் ஒண்ணா தெரியும், ஒருத்தர் பேசினா மத்த மூணு எடத்துலயும் கேக்கும். கேமராமேன் இல்ல, எடிட்டிங் இல்ல, பேட்டி எடுக்க யாரும் மைக்க நீட்டல, ஜனங்க டிவி முன்னாடி உக்காந்து அவங்களா பேசிக்கிட்டாங்க, சண்டையும் போட்டுக்கிட்டாங்க.

இந்த சாமான்ல முக்கால்வாசி உங்க கேபிள்காரர் குடோன்லயே கெடக்கும். ராயக்கோட்டை தக்காளி மண்டில ஒரு டிவி, டீக்கடைல ஒண்ணு, வேன் ஸ்டாண்டுல ஒண்ணு, உரக்கடைல ஒண்ணு வச்சா என்ன ஆவும்னு யோசிங்க. வெல வுழுந்த அன்னிக்கு தக்காளிய ரோட்டுல கொட்டறத எல்லா சேனலும் வந்து எடுத்துட்டு போறான், கொட்டினவரும் வாங்கினவரும் மூஞ்சி பாத்து பேசறத எவனும் காட்டல. டிரோன் மேல இருந்து பாக்கும், அதுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது, அதனாலதான் வேணாங்கறேன். (மும்பையில ஒரு மாடிக் கட்டடத்து உச்சில ஒத்த சிசிடிவிய வச்சு ஊரையே அவங்களும் படம் புடிச்சிருக்காங்க, 2022-ல. அது வேற கணக்கு, அத்தன வருஷம் கீழ வேல பாத்துட்டு அப்பறம் மேல ஏறினாங்க.)

அடுத்தது கூத்து. திரௌபதி அம்மன் கோயில்ல 18 நாள் பாரதம் ஓடுது, விடிய விடிய எடுக்கற புட்டேஜ்ல கட்டியங்காரன் காமெடி ரெண்டு நிமிஷத்த வெட்டி போட்டா வியூஸ் வரும், புரியுது. மிச்சத்த என்ன பண்றீங்க? மெமரி கார்ட அழிச்சுட்டு மறுநாள் ராத்திரிக்கு ரெடி, அதானே. 2008-ல கேம்ப்பும் பெங்களூரு வக்கீலுங்க குழுவான ஆல்டர்னேட்டிவ் லா ஃபோரமும் இன்னும் சில பேரும் சேந்து ஆரம்பிச்ச பேட்.மாங்கற இணைய வீடியோ ஆர்க்கைவ் அந்த மிச்சத்துக்குத்தான். முடிச்ச படம் இல்ல, வெட்டாத புட்டேஜ், எந்த நிமிஷத்துல யாரு என்ன பேசறாங்கன்னு பக்கத்துலயே எழுதி வச்சிருப்பாங்க, தேடினா கெடைக்கும். உங்க ஆளும் அப்பிடி பண்ணட்டும். அரிதாரம் பூசறப்ப வாத்தியார் சின்னப் பையனுக்கு அடவு திருத்தறது, முகவீணைக்காரர் சீவாளிய நனைச்சுக்கிட்டு ஊர்க்கத பேசறது, படுகளத்தன்னிக்கு மண்ணுல துரியோதனன் ஒடம்ப ஊரே சேந்து போடறது, எல்லாத்துக்கும் நேரம் போட்டு, ஊர் பேரு போட்டு எழுதணும். வாத்தியார்கிட்ட கேட்டுக்கிட்டு செய்யுங்க, ஒரு காப்பி அவருக்கும் குடுத்துடுங்க, வியூஸ் காசு வந்தா அதுலயும் பங்கு.

இன்னொண்ணு. கட்ச் வளைகுடா மாலுமிங்க போன்ல எடுத்து, பாட்டு சேத்து, ப்ளூடூத்துல அனுப்பிக்கிட்ட வீடியோக்கள வச்சு 2013-ல கேம்ப் ஒரு முழுப் படமே பண்ணாங்க. கிருஷ்ணகிரி டோல்கேட்டாண்ட நிக்கற லாரி டிரைவருங்க போன்ல இல்லாததா?

ஆனா உங்களுக்கு மொத வேலை கேபிள்காரர் வீட்டு பரண்தான். லோக்கல் சேனல்ல ஓட்டின திருவிழா, கல்யாண கேசட் கெடக்கும், எறக்கி லேபிள் படிச்சு ஒரு நோட்டுல எழுதுங்க. பூஞ்ச புடிச்சத மட்டும் அப்பிடியே பிளேயர்ல போட்டுடாதீங்க, ஹெட்டு போயிடும், அடுத்த கேசட்டும் கெட்டுடும்.