பல் போன பினியனும் படுத்துவிட்ட முள்ளும்: பழைய கார் ஸ்பீடோமீட்டர் கேள்வி பதில்

கேள்வி: ஓடிக்கொண்டிருந்த வண்டியில் வேகமுள் திடீரென்று பூஜ்யத்தில் படுத்துவிட்டது. கியர்பாக்ஸில் உள்ள சிறிய பல்சக்கரம் (பினியன்) தேய்ந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். பிரிக்காமலே உறுதிசெய்ய வழி உண்டா ஐயா?

பதில்: முதலில் ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரைப் பாருங்கள். முள்ளையும் ஓடோமீட்டரையும் சுழற்றுவது ஒரே கேபிள், அதாவது உறைக்குள் சுழலும் கம்பி. கிலோமீட்டர் எண் ஏறிக்கொண்டே முள் மட்டும் படுத்திருந்தால் பல்சக்கரத்தின் மேல் குற்றமில்லை. கருவிக்குள் இருக்கும் காந்தம், அலுமினியக் கிண்ணம், மயிர்ச்சுருள் (முள்ளைப் பூஜ்யத்துக்கு இழுக்கும் மெல்லிய சுருள்வில்) ஆகியவற்றில்தான் கோளாறு. இரண்டும் நின்றிருந்தால் கேபிளையும் பல்சக்கரத்தையும் சந்தேகிக்கலாம். கேபிளைக் கருவியின் பின்புறத்தில் கழற்றுங்கள். இயக்கச் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, இரண்டு சக்கரங்களையும் ஒரே திசையில் கையால் சுற்றுங்கள். உள்கம்பி சுழலாவிட்டால் அதை உருவிப் பாருங்கள். பாதிக் கம்பி மட்டும் கையோடு வந்தால் விஷயம் முடிந்தது. முழுதாக வந்தால்தான் பினியனைக் கழற்ற வேண்டிய வேலை. பலரும் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, நல்ல பினியனைத் தூக்கி எறிகிறார்கள்.

கேள்வி: புதிய நைலான் பினியன் போட்டேன். சில மாதங்களில் பற்கள் மழுங்கிவிட்டன. இன்னொன்று போட்டேன், அதுவும் போய்விட்டது. தரம் இல்லாத பாகமா?

பதில்: தரமும் காரணமாக இருக்கலாம். ஆனால் இரண்டு பினியன்கள் அடுத்தடுத்துச் செத்தால் நான் பினியனைத் திட்டமாட்டேன், கொன்றது யார் என்று தேடுவேன். அந்தத் தொடரில் மிக மென்மையான பாகம் நைலான் பினியன்தான். மேலே எங்கே இறுக்கம் வந்தாலும் பற்களை இழப்பது அதுவே.

கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, உள்கம்பியை விரல்களுக்கிடையில் உருட்டுங்கள். சீராகச் சுழல வேண்டும். ஓரிடத்தில் இறுகி, பிறகு துள்ளி விடுபட்டால் அந்தக் கம்பி வளைந்திருக்கிறது. நிமிர்த்த முயலாதீர்கள், மாற்றிவிடுங்கள். வெளியுறை போகும் பாதையையும் பாருங்கள். 15 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவான வளைவு எங்கும் கூடாது. முனைகளை ஒட்டிய ஐந்து சென்டிமீட்டர் நேராகவே இருக்க வேண்டும்.

அடுத்தது கருவி. பழைய உள்கம்பியில் ஒரு துண்டை வெட்டி, கருவியின் பின்துளையில் செருகி, விரலால் திருகுங்கள். பல ஆண்டுகளாகக் காய்ந்த கிரீஸ் அங்குள்ள புஷ்ஷில் (தண்டைத் தாங்கும் வளையத்தில்) பிசினாக இறுகியிருப்பது சாதாரணம். இந்த நிலையில் எத்தனை பினியன் போட்டாலும் பலிதான்.

இவை இரண்டும் சுத்தமென்றால், பினியன் கழன்ற துளை வழியாக டார்ச் அடித்து உள்ளே அச்சின் மேல் இருந்து பினியனைச் சுழற்றும் திருகுப் பல்சக்கரத்தைப் பாருங்கள். அச்சை மெல்லச் சுற்றிக்கொண்டே முழு வட்டத்தையும் பாருங்கள். எஃகுப் பல்லில் ஒரு பிசிறு இருந்தால் போதும், அது அரம் போல நைலானைச் சீவிவிடும்.

கேள்வி: என்னுடையது கிரைஸ்லர் டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். வேறு எண்ணிக்கைப் பற்கள் உள்ள பினியன் போட்டதும் தேய்மானம் தொடங்கியது.

பதில்: பினியனை மாற்றியவர் அதன் உறையைச் சுழற்றிச் சரியான நிலையில் வைக்க மறந்திருப்பார். அந்த உறையின் துளை நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். உறையின் முகத்தில் 26-31, 32-38 என்று பற்களின் வரம்புகள் பொறிக்கப்பட்டிருக்கும். உங்கள் பினியனுக்கு உரிய வரம்பு கீழே, ஆறு மணி நிலையில் வர வேண்டும். தவறினால் பற்கள் நுனியில் மட்டும் உரசும், அல்லது ஒன்றையொன்று நெருக்கும்.

கேள்வி: உண்மை வேகம் 60 மைல் என்றால் கருவி 50 காட்டுகிறது. பல் தேய்ந்ததால்தானே?

பதில்: இல்லை. தேய்ந்த பல் சுழற்றும், அல்லது வழுக்கும். வழுக்கினால் முள் துள்ளும், விழும். எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் குறையாது. அப்படிக் குறைந்தால் பற்களின் எண்ணிக்கை, டயர் அளவு, பின் அச்சின் விகிதம் இவற்றில் ஒன்று மாறியிருக்கிறது. இவை சரியென்றால் கருவியின் காந்தம் வலுவிழந்திருக்கிறது.

எது என்று கண்டுபிடிப்பது எளிது. கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி, உள்கம்பியின் முனையில் ஒரு காகிதத் துண்டை ஒட்டுங்கள். வண்டியை நேராக 20 மீட்டர் தள்ளச் சொல்லி, காகிதம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். சுற்றை மீட்டரால் வகுத்து 1609 ஆல் பெருக்கினால் ஒரு மைலுக்கான சுற்று கிடைக்கும். ஸ்மித்ஸ் நிறுவனத்தின் கருவிகளில் இந்த எண் முகப்பிலேயே சிறிய எழுத்தில் இருக்கும். உங்கள் முகப்பில் 1000 என்றிருந்து, எண்ணியது 10.4 சுற்று என்றால் கணக்கு 837 வரும். 60க்கு 50 காட்டும் கதை இதுதான். பினியனில் 24 பற்கள் இருந்தால் 20 பற்கள் உள்ளதைத் தேடுங்கள். கணக்கு 1000ஐ ஒட்டி வந்தால் பினியனைத் தொடாமல், கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

சிலர் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிச் சுற்றி எண்ணுகிறார்கள். டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) காரணமாகக் கேபிள் பாதிச் சுற்றுதான் சுற்றும். பிறகு குழம்புவார்கள்.

கேள்வி: குறைந்த வேகத்தில் முள் ஊசலாடுகிறது.

பதில்: கேபிள். பத்தில் ஒன்பது பேருக்கு இதே பதிலைத்தான் சொல்வேன்.

கேள்வி: வேறொரு மாடலின் கியர்பாக்ஸைப் பொருத்தினோம். இப்போது முள் பூஜ்யத்தின் தடுப்பில் அழுந்தி நிற்கிறது, ஓடோமீட்டர் பின்னோக்கிப் போகிறது!

பதில்: கேபிள் எதிர்த்திசையில் சுழல்கிறது. அந்தக் கியர்பாக்ஸில் பினியன் அச்சின் மறுபக்கம் இருக்கலாம், அல்லது பற்களின் சாய்வு எதிராக இருக்கலாம். சாய்வு மாறிய பினியனை மட்டும் வாங்கி மாட்டாதீர்கள், அது திருகுப் பல்லோடு பொருந்தாமல் நொறுங்கும். திசைமாற்றும் சிறு இணைப்புப் பெட்டியைக் கேபிளின் நடுவில் பொருத்துங்கள்.

கேள்வி: பினியன் புதிதாகவே இருக்கிறது, ஆனால் சுழலவே இல்லை.

பதில்: உள்ளே இருக்கும் திருகுப் பல்சக்கரம் அச்சின் மேல் வழுக்குகிறது. மாடலைப் பொறுத்து அதைப் பிடித்து வைப்பது ஒரு கிளிப், சாவி (பள்ளத்தில் செருகும் சிறு எஃகுத் துண்டு) அல்லது சிறிய எஃகு உருண்டை. பின் உறையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றும்போது கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், அந்த உருண்டை உருண்டோடிவிடும்.

கேள்வி: வேகமானியின் கண்ணாடிக்குள் எண்ணெய் படிகிறது.

பதில்: பினியன் உறையின் ஆயில் சீல் போய்விட்டது. சுருளாகப் பின்னிய உள்கம்பி, திருகு போல் எண்ணெயை மேலே ஏற்றும். சீலை மாற்றி, கேபிளைக் கழுவி, கம்பியில் மெல்லிய படலமாகக் கிரீஸ் தடவுங்கள். கருவியை ஒட்டிய ஒரு சாண் நீளத்துக்கு எதுவும் தடவாதீர்கள்.

கேள்வி: பாகம் எங்கும் கிடைக்கவில்லை. முப்பரிமாண அச்சில் செய்யலாமா? பித்தளையில் கடைவது நல்லதா?

பதில்: பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் வேண்டாம். 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே அது இளகத் தொடங்கும், சூடான கியர் எண்ணெய் அதைத் தாண்டும். நைலானில் அச்சிட்டால் தற்காலிகமாக ஓடும். நைலான் அல்லது அசிட்டால் (கடினமான பிளாஸ்டிக்) தண்டில் பல் வெட்டச் சொல்வதே என் விருப்பம். பற்களின் எண்ணிக்கையோடு சாய்வுக் கோணத்தையும் சாய்வின் திசையையும் அளந்து கொடுங்கள். பித்தளை நீடிக்கும், ஆனால் உள்ளே இருப்பதும் பிளாஸ்டிக் என்றால் கூடாது. பினியன் பிழைத்து, கியர்பாக்ஸைத் திறக்க வைக்கும் பாகம் தேயும். கேபிள் இறுகினாலும் அடி வேறெங்கோ விழும். பித்தளையோ வெண்கலமோ இருக்கும் பழைய பெட்டியில் ஜி.எல்.-4 தர கியர் எண்ணெய் ஊற்றுங்கள். ஜி.எல்.-5 சிலவற்றில் உள்ள கந்தகச் சேர்க்கை அந்த உலோகங்களை அரிக்கும்.

கேள்வி: ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருக்கிறேன். பினியனை எங்கே தேடுவது?

பதில்: தேடாதீர்கள், கியர்பாக்ஸில் அது இல்லை. கேபிளின் சதுர முனை இடது முன்சக்கரத்தின் தூசி மூடிக்குள் செருகி நிற்கும். மூடியின் சதுரத் துளை வட்டமாகத் தேய்ந்திருந்தால் மூடியை மாற்றுங்கள். கேபிள் முனையைப் பிடிக்கும் சிறு கிளிப் இருக்கிறதா என்றும் பாருங்கள்.