கலர் ஃபிலிம் நெகட்டிவில் கிரெயின் (படத்தில் பொரிப்பொரியாய்த் தெரியும் புள்ளிகள்) அதிகமாக வருகிறதே, டெவலப்பர்தான் காரணமா?

படத்தை வரவழைக்கும் டெவலப்பரைக் குறை சொல்வதற்கு முன், அதற்கு அடுத்து ஃபிலிமைப் போடும் பிளீச் கரைசலைப் பாருங்கள். நீங்களும் என்னைப் போல வீட்டில்தான் கழுவுகிறீர்கள், அதுவும் பிளீச்சும் ஃபிக்சரும் ஒன்றாய்க் கலந்த பிளிக்ஸ் கிட்டில் என்று நினைக்கிறேன்.

அண்ணன் மகள் காதுகுத்தை 400 ஐஎஸ்ஓ ரோலில் எடுத்தேன். டெவலப்பரில் 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 விநாடி, எதுவும் பிசகவில்லை. ஸ்கேன் செய்தால் குழந்தையின் கன்னம் முழுக்க ரவையைத் தூவினாற்போல் இருந்தது. அழுது வழிந்த கண்ணீர்க்கோடு அதற்குள் காணாமலே போய்விட்டது. நெகட்டிவை டியூப்லைட்டில் பிடித்தால் கலங்கலாய், கறுப்படித்துக் கிடந்தது.

லேபில் பல வருடம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் கையில் வாங்கியதுமே சொன்னார்: "வெள்ளி இன்னும் உள்ளயே நிக்குது தம்பி. பிளிக்ஸ் செத்துப்போச்சு." அந்த பாட்டிலில் அது எட்டாவது ரோல்.

டெவலப்பரில் ஒவ்வொரு வெள்ளித் துகளைச் சுற்றியும் சாயம் உருவாகும். பிறகு பிளீச்சும் ஃபிக்சரும் சேர்ந்து அந்த வெள்ளியை வெளியேற்ற வேண்டும். கடைசியில் மிஞ்ச வேண்டியது சாயம் மட்டும்தான். வெள்ளியும் தங்கிவிட்டால் கிரெயினும் ஏறும், கான்ட்ராஸ்டும் ஏறும். அதே நெகட்டிவுக்குத் தனி பிளீச் வாங்கி 6.5 நிமிடம், தண்ணீரில் அலசி, புது ஃபிக்சரில் 6.5 நிமிடம், மறுபடி அலசி, கடைசியில் சாயம் மங்காமல் காக்கும் ஸ்டெபிலைசர். லைட்டைப் போட்டுக்கொண்டே செய்யலாம். மறு ஸ்கேனில் ரவை அடங்கியது, கண்ணீர்க்கோடு தெரிந்தது.

"டெவலப்பிங் நேரத்தை நீட்டினால் கிரெயின் ஏறாதா?" என்று கமெண்டில் கேட்பீர்கள். ஏறும், மறுக்கவில்லை. ஒரு ஸ்டாப் புஷ்ஷுக்கு (ஒரு படி குறைந்த வெளிச்சத்தில் எடுத்ததை ஈடுகட்ட டெவலப்பரில் கூடுதல் நேரம் விடுவது) 3 நிமிடம் 45 விநாடி விடும்போது நானே பார்த்திருக்கிறேன். வெளிச்சம் போதாமல் எடுத்த ரோலை எப்படிக் கழுவினாலும் நிழல் பகுதி பொரிந்துதான் வரும். அங்கே பெரிய துகள்கள் மட்டும்தான் ஒளியைப் பிடித்திருக்கும். சரியாக எடுத்து, சரியான நேரத்தில் கழுவியும் கிரெயின் வந்தால்தான் நான் சொல்வது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். லேபில் கொடுத்தால் நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள். அண்ணன் கல்யாண ரோலை ஒரு லேபில் கொடுத்தேன். ஸ்கேன் மட்டும் அனுப்பினார்கள். நெகட்டிவ் கேட்டதற்கு, "யாரும் வாங்க வர்றதில்ல சார், தூக்கிப் போட்டுட்டோம்" என்றார்கள். அந்த 36 படமும் கலங்கலாகத்தான் வந்திருக்கிறது. திரும்பக் கழுவ என்னிடம் எதுவும் இல்லை.