வாசகர் கேள்வி – பதில்: ‘இரவுகளும் பகல்களும்’

கேள்வி (மதுரை வாசகி): ‘இரவுகளும் பகல்களும்’ என்ற பழைய போலந்துத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிச் சென்ற இதழில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டீர்கள். அது எந்தக் காலத்துக் கதை? யாருடைய குடும்பத்தின் கதை?

பதில்: மரியா தொம்ப்ரோவ்ஸ்கா என்ற எழுத்தாளர் 1931 முதல் 1934 வரை வெளியிட்ட பெரிய நாவல்தான் அந்தத் தொடருக்கு மூலம். யெஜி அன்ட்சாக் இயக்கிய திரைப்படம் 1975இல் வந்தது. அதோடு சேர்த்தே உருவாக்கப்பட்ட 12 பகுதிகள் கொண்ட தொடரைப் போலந்து அரசுத் தொலைக்காட்சி 1978இல் ஒளிபரப்பியது. கதையின் நாயகர்கள் பொகுமிவ், பார்பரா என்ற கணவனும் மனைவியும். அவர்களுக்கு முந்தைய தலைமுறை 1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் சொத்தை இழந்த தலைமுறை. அவர்களுடைய பிள்ளைகள் 1914ஆம் ஆண்டுப் போரின் வாசலில் வந்து நிற்கும் தலைமுறை. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே ஓடும் அரை நூற்றாண்டுதான் கதைக்களம்.

அந்த அரை நூற்றாண்டில் போலந்து என்றொரு நாடு உலக வரைபடத்தில் இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்குங்கள். 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. 1918 வரை அந்த நிலை மாறவில்லை. இந்தக் குடும்பம் வாழ்வது ரஷ்யப் பேரரசன் ஆண்ட பகுதியில்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): உங்கள் பரிந்துரையை நம்பி மூன்று பகுதிகளைப் பார்த்துவிட்டேன். அறுவடை, விருந்து, மனத்தாங்கல், குழந்தைக்குக் காய்ச்சல் என்றே போகிறது. வரலாற்றுத் தொடர் என்றீர்களே, வரலாறு எங்கே இருக்கிறது?

பதில்: தங்கள் கேள்வி நியாயமானது. வரலாறு இந்தத் தொடரில் குதிரைப்படையாக வருவதில்லை, பிறருக்குச் சொந்தமான நிலமாக வருகிறது என்பதே என் பதில். சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரியாவிட்டால் பொகுமிவ் வெறும் நல்ல மனிதனாக மட்டுமே தெரிவான்.

1863 ஜனவரி 22 அன்று ரஷ்ய ஆட்சிக்கு எதிராகத் தொடங்கிய கிளர்ச்சி அடுத்த ஆண்டுக்குள் நசுக்கப்பட்டது. கலந்துகொண்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள், சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள், அவர்களுடைய நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. அந்தக் கிளர்ச்சியில் சிறுவனாகவே பங்கெடுத்தவன் பொகுமிவ். அவன் குடும்பத்தின் பண்ணையும் அப்படியே பறிபோயிற்று. பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து கூலி வேலைகள் செய்துவிட்டுத் திரும்பி வரும் அவன், தன்னைப் போலவே பிரபு வர்க்கத்தைச் சேர்ந்த இன்னொருவருடைய பண்ணையில் காரியஸ்தனாகச் சேர்கிறான். முதலில் க்ரெம்பா என்ற ஊரில், பிறகு செர்பினூவ் என்ற ஊரில். செர்பினூவின் உரிமையாளர் அங்கே வாழ்வதில்லை. மண்ணைத் திருத்துவது, கால்வாய் வெட்டுவது, தொழுவத்தைக் கட்டுவது எல்லாம் பொகுமிவ்தான். ஆனால் ஒரு சாலுகூட அவன் பெயரில் இல்லை. தாம் நட்ட மரத்தைப் பிறர் விற்றுவிடக்கூடும் என்று தெரிந்தும் நட்டுக்கொண்டே இருக்கும் ஒரு மனிதனை நீங்கள் பகுதிக்குப் பகுதி பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், 1863ஆம் ஆண்டின் தோல்வியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. 1864இல் பேரரசன் இட்ட ஆணையால் அந்தப் பகுதியின் குடியானவர்களுக்கு அவர்கள் உழுத நிலம் சொந்தமாயிற்று. கட்டாய ஊழியம் ஒழிந்தது. கிளர்ச்சி செய்த பிரபுக்களிடமிருந்து குடியானவர்களைப் பிரித்துத் தன் பக்கம் இழுக்கும் கணக்கும் பேரரசனுக்கு இருந்தது. பண்ணை முதலாளிகளுக்கு இனிக் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டிய நிலை. 1870களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்கத் தானியம் ஐரோப்பியச் சந்தையில் மலிவாக வந்து குவிந்ததும் பல பண்ணைகள் கடனில் மூழ்கின. நிலத்தை இழந்த சிறு பிரபுக் குடும்பங்கள் நகரங்களுக்குப் போய் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் எழுத்தர்களாகவும் மாறின. போலந்தின் படித்த நடுத்தர வர்க்கத்தில் பெரும் பகுதி இப்படி உருவானதுதான். அந்த மாற்றம் முழுவதையும் ஒரே வீட்டுக்குள், சாப்பாட்டு மேசையைச் சுற்றியே காட்டிவிடுகிறார்கள். நான்காம் பகுதிக்கு வந்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

கேள்வி (சேலம் வாசகி): பார்பராவைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தங்கமான கணவன் இருந்தும் எப்போதும் கவலை, எப்போதும் குறை. இவளை எப்படிப் போலந்து மக்கள் இத்தனை காலமாக நேசிக்கிறார்கள்?

பதில்: நாவலின் இரண்டாம் பாகத்துக்கே ‘தீராக் கவலை’ என்ற பொருளில்தான் ஆசிரியர் பெயர் வைத்திருக்கிறார். ஆகவே தாங்கள் உணர்ந்ததை அவரும் உணர்ந்தே எழுதியிருக்கிறார். ஆனால் பார்பராவின் கவலைக்கு ஒரு வேர் இருக்கிறது. திருமணத்துக்கு முன் தொலிபோஸ்கி என்ற அழகனிடம் மனத்தைக் கொடுத்து ஏமாந்தவள் அவள். தன் தேர்வாக அன்றி, ஒரு நல்லவனின் அன்புக்கு இணங்கித் திருமணம் செய்துகொள்கிறாள். பிறகு முதல் குழந்தையான பியோத்ருஷ் சிறு வயதிலேயே இறந்துவிடுகிறான். அதற்குப் பிறகு அவள் எந்த மகிழ்ச்சியையும் நம்ப மறுக்கிறாள். கையில் இருப்பது எந்த நேரத்திலும் பறிபோகும் என்று எண்ணுவது அவள் வாழ்ந்த காலத்தில் நோயன்று, அனுபவம். கணவன் நிலத்தை நம்புகிறான். அவளுக்கு நிலம் ஒரு வாடகை வீடு. இரண்டு பேரும் தத்தம் வழியில் சரியாகத்தான் இருக்கிறார்கள் என்பதே இந்த மணவாழ்க்கையின் துயரம்.

யத்விகா பரான்ஸ்கா இந்தப் பாத்திரத்தை இளம்பெண்ணிலிருந்து முதியவள் வரை ஒரே ஆளாக நடித்திருக்கிறார். ஒப்பனையைவிடக் குரலும் நடையும் முதுமையடைவதைக் கவனியுங்கள். 1976ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி விருது அவருக்குக் கிடைத்தது. இயக்குநர் அன்ட்சாக்கின் மனைவியும் அவரே. பரான்ஸ்கா 2024ஆம் ஆண்டில் காலமானார். பொகுமிவாக வரும் யெஜி பின்ச்சிட்ஸ்கியின் நடிப்பைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. பேசாமல் நிற்கும் நேரங்களில்தான் அவர் மிக நன்றாக நடிக்கிறார், அதனால்தானோ என்னவோ.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): ஒருவர் வெள்ளை உடையோடு குளத்துக்குள் இறங்கி அல்லி பறிக்கும் காட்சி மட்டும் இணையத்தில் அடிக்கடி கண்ணில் படுகிறது. அது இந்தத் தொடரில் வருவதுதானா?

பதில்: ஆம். தொலிபோஸ்கியாக நடித்தவர் கரோல் ஸ்ட்ராஸ்பர்கர். பார்பராவுக்காக அவர் அல்லி பறித்து வரும் அந்தச் சில நொடிகள் போலந்தில் எல்லோரும் அறிந்தவை. வால்டெமார் கஜனெட்ஸ்கி அமைத்த வால்ட்ஸ் இசையும் அப்படியே தனித்து வாழ்கிறது. ஒரு வாழ்நாள் முழுவதும் பக்கத்தில் நின்று உழைத்தவனைவிட ஒரு நாள் பூப் பறித்துக் கொடுத்தவன் பார்பராவின் நினைவில் எத்தனை ஆண்டுகள் தங்கியிருக்கிறான் என்பதை முழுத் தொடரில்தான் காண முடியும்.

கேள்வி (திருச்சிராப்பள்ளி ஆசிரியை): பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்காகப் பார்பரா கணவனைப் பண்ணையில் விட்டுவிட்டு நகரத்துக்குக் குடிபோகிறாள். அங்கே பள்ளியில் ஏதோ போராட்டம் பற்றிய பேச்சு வருகிறது. அதன் பின்னணியைச் சொல்ல இயலுமா?

பதில்: மகிழ்ச்சியோடு சொல்கிறேன். கிளர்ச்சிக்குப் பிந்தைய ஆண்டுகளில் ரஷ்யப் பகுதியின் அரசுப் பள்ளிகளில் எல்லாப் பாடங்களும் படிப்படியாக ரஷ்ய மொழிக்கு மாற்றப்பட்டன. 1879 முதல் 1897 வரை வார்சா கல்வி வட்டத்தின் தலைமை அதிகாரியாக இருந்த அபூஹ்தின் என்பவரின் பெயர் இன்றும் போலந்தில் வெறுப்போடுதான் உச்சரிக்கப்படுகிறது. ஒரு போலந்துப் பிள்ளை தன் தாய்மொழியையே அந்நிய மொழியைப் போல ரஷ்ய விளக்கத்தோடு கற்க வேண்டிய நிலை இருந்தது. எனவே கல்வி இரகசியமாயிற்று. வார்சாவில் வீடு வீடாக இடம் மாற்றி நடத்தப்பட்ட ‘பறக்கும் பல்கலைக்கழகம்’ பெண்களுக்குத் தாய்மொழியில் உயர்கல்வி கொடுத்தது. நாம் மேரி கியூரி என்று அறிந்திருக்கும் மரியா ஸ்க்வொடோவ்ஸ்காவும் அங்கே பயின்றவர்.

1905இல் ரஷ்யப் பேரரசு முழுவதும் புரட்சி மூண்டபோது, போலந்து மாணவர்கள் தாய்மொழியில் பாடம் வேண்டும் என்று பள்ளிகளைப் புறக்கணித்தார்கள். அதன் பயனாகத் தனியார் பள்ளிகள் போலந்து மொழியில் கற்பிக்க அனுமதி கிடைத்தது. அரசுப் பள்ளிகள் மாறவில்லை. இந்தப் பின்னணியோடு பார்த்தால், பார்பரா கணவனைப் பிரிந்து நகரத்துக்குப் போவது பிடிவாதமாகத் தோன்றாது. நிலம் பறிபோகும், படிப்பைப் பறிக்க முடியாது என்று அவள் கணக்குப் போடுகிறாள். ஆனால் அந்தக் கணக்குக்கு அவள் கொடுக்கும் விலை பெரிது. தனிமையில் விடப்பட்ட பொகுமிவின் மனம் வேறொரு பெண்ணின் பக்கம் சாய்கிறது. எந்த மகனுக்காக இத்தனையும் செய்தாளோ அந்தத் தொமாஷெக் பொய்யும் திருட்டும் பழகி வீட்டைத் தலைகுனிய வைக்கிறான். மூத்த மகள் அக்னியெஷ்கா மட்டும் வெளிநாட்டில் படித்து, சமூக மாற்றத்தை நாடும் இளைஞர்களோடு சேர்ந்து, தாத்தா தலைமுறையின் கனவை வேறொரு மொழியில் தொடர்கிறாள். நாவலாசிரியரின் சாயல் இவளிடம்தான் அதிகம். தொம்ப்ரோவ்ஸ்காவும் லோசான், பிரஸ்ஸல்ஸ் நகரங்களில் படித்தவர். அவருடைய தந்தையும் இளமையில் கிளர்ச்சியில் கலந்துகொண்டு, பிறகு காலிஷ் நகருக்கு அருகிலுள்ள ருசூவ் கிராமத்தில் பண்ணைக் காரியஸ்தராக இருந்தவர். 1889இல் தொம்ப்ரோவ்ஸ்கா பிறந்த ஊர் அது. அங்கே இன்று அவருடைய நினைவாக ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): நேரம் குறைவு. திரைப்படத்தை மட்டும் பார்த்தால் போதாதா?

பதில்: திரைப்படமும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடியது. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆயினும் தொடரையே பாருங்கள் என்பேன். பருவங்கள் மாறி மாறி வருவதுதான் இந்தக் கதையின் மூச்சு. அதைச் சுருக்கினால் நிகழ்ச்சிகள் மிஞ்சும், காலம் மிஞ்சாது.

கேள்வி (சென்னை வாசகி): எரியும் நகரத்திலிருந்து முதியவளான பார்பரா குதிரை வண்டியில் தப்பிச் செல்லும் காட்சி என்னை மிகவும் பாதித்தது. அந்த நகரம் கற்பனையா? அந்த அழிவு உண்மையில் நடந்ததா?

பதில்: கதையில் கலீன்யெட்ஸ் என்ற பெயரில் வருவது காலிஷ் நகரம். அழிவு முற்றிலும் உண்மை. காலிஷ், ரஷ்யப் பகுதியின் மேற்கு ஓரத்தில், ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1914 ஆகஸ்ட் தொடக்கத்தில் ரஷ்யப் படைகள் சண்டையிடாமல் விலகிச் சென்றன. ஆகஸ்ட் 2 அன்று ஜெர்மன் படை நகருக்குள் நுழைந்தது. மறுநாள் இரவு தெருக்களில் துப்பாக்கிச் சூடு கேட்டதும், ஊர்மக்கள்தாம் சுட்டார்கள் என்று பழி சுமத்தி, மேஜர் பிரொய்ஸ்கர் என்ற அதிகாரியின் தலைமையில் நகரத்தின் மீது பீரங்கிகளைத் திருப்பினார்கள். பிணைக்கைதிகளைப் பிடித்தார்கள், பலரைச் சுட்டுக் கொன்றார்கள், வீடு வீடாகத் தீ வைத்தார்கள். நகர மன்றக் கட்டடமும் நாடக அரங்கும் எரிந்தன. சுமார் 65,000 பேர் வாழ்ந்த நகரில் சில வாரங்களில் ஏறத்தாழ 5,000 பேரே மிஞ்சினார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் கிடைத்த வண்டியில், கிடைத்த திசையில் ஓடியவர்கள். முதல் உலகப் போர் தொடங்கிய அதே நாட்களில், மேற்கே பெல்ஜியத்தின் ஊர்கள் எரிந்த செய்தி உலகமெங்கும் பரவியது. காலிஷ் எரிந்ததை அவ்வளவு பேர் அறியவில்லை. போலந்துக்கு அப்பால் அந்த நகரத்தின் தீயைக் காப்பாற்றி வைத்திருப்பது பெரும்பாலும் இந்தக் கதைதான்.

திரைப்படம் அந்தத் தப்பித்தலையே கதையின் சட்டகமாக அமைத்து, வண்டியில் போகும் முதியவளின் நினைவுகளாகக் கதையைச் சொல்கிறது. நாவலோ ஆண்டு வரிசையில் நடந்து வந்து அங்கே முடிகிறது. அந்த நேரத்தில் பொகுமிவ் உயிரோடு இல்லை. இளமையில் பறிபோனதற்கு ஈடாக வாழ்நாளின் கடைசிப் பகுதியில் ஒருவழியாகத் தனக்கென்று ஒரு நிலத்தை வாங்கிய பிறகு, அதில் நிம்மதியாக வாழ அவனுக்கு நாட்கள் போதவில்லை. பிள்ளைகள் வெவ்வேறு இடங்களில் இருக்கிறார்கள். பார்பராவை ஏற்றிச் செல்பவர் ஷிம்ஷெல் என்ற யூத வண்டிக்காரர். எங்கே போவது என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வாழ்நாள் முழுவதும் கவலைப்பட்டவள், கவலைப்பட எதுவுமே மிஞ்சாத அந்த வண்டியில், தொடர் முழுவதும் நாம் கண்டிராத ஓர் அமைதியோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய முகத்தை இன்னொரு முறை பாருங்கள்.