குளக்கட்டில் பழகி இறம்பொடை ஏறலாமா?

கடிதம்

வணக்கம் அண்ணை. நான் ஒட்டுசுட்டான். நாங்கள் நாலு பேர் வாற மாசியில் கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்குச் சைக்கிளில் ஏற இருக்கிறோம். என்னிடம் இருப்பது கியர் இல்லாத சைக்கிள். நாள் முழுக்க உழக்கினாலும் களைக்க மாட்டேன், ஆனால் எங்கள் பக்கம் ஏற்றம் என்றால் குளக்கட்டுத்தான். பாரம் குறைந்த புதுச் சைக்கிள் வாங்கினால் சமாளிக்கலாமா? இடையில் இறங்கித் தள்ளினால் பெடியள் சிரிப்பாங்கள்.

பதில்

தம்பி, முதலில் சைக்கிள் கதையை முடிப்போம். நீங்களும் சைக்கிளும் தண்ணீர்ப் போத்தலும் சேர்ந்து 80 கிலோ என்றால், அதில் 2 கிலோ குறைத்து ஒரு மணி நேர ஏற்றத்தில் நீங்கள் மிச்சம் பிடிப்பது ஒன்றரை நிமிடம். அதற்குப் போய் அவ்வளவு காசா? காசைக் கியரில் போடுங்கள். முன்னுக்கு 44 பல்லும் பின்னுக்கு 18 பல்லும் உள்ள சைக்கிளில் ஒரு உழக்கலுக்கு ஐந்து மீற்றருக்கு மேல் போகலாம், மாங்குளம் வீதியில் அது சுகம்தான், ஆனால் நூறு மீற்றருக்குப் பத்து மீற்றர் உயரும் இடத்தில் நல்ல காலுள்ளவனே மணிக்கு 8 கிலோமீற்றர்தான் போவான். அந்த வேகத்துக்கு உங்கள் கால் நிமிடத்தில் 25 தடவைதான் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் எழும்பி நின்று முழு உடம்பையும் மிதியில் இறக்க வேண்டும். முழங்கால் அன்றிரவே கணக்குக் கேட்கும். முன்னும் பின்னும் 34 பல் என்றால் அதே வேகத்தில் 60 சுற்றைத் தாண்டும், இருந்தபடியே ஏறலாம்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளையிலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் ஏற வேண்டும். நீங்கள் ஏறப்போகும் ஏ-5 வீதி முழுக்கச் செங்குத்து இல்லை, அதன் நீளம்தான் ஆளைத் தின்னும். செங்குத்துப் பார்க்க ஆசை என்றால் தோட்ட வீதி ஏதாவது ஒன்றுக்குள் திரும்பிப் பாருங்கள், ஆசை அடங்கிவிடும்.

பழக வன்னியில் இடமில்லை என்பது பாதி உண்மை. இப்போது ஆடி, சோளகக் காற்று அடிக்கிறது. ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் பக்கம் காடு விலகுகிற இடங்களில் காற்றுக்கு எதிராக, நிற்காமல், எழும்பாமல் உழக்குங்கள். மூச்சுக்கும் தொடைக்கும் அது நல்ல வேலை. ஆனால் காற்றுக்குள் வேகத்தைக் குறைத்தால் பாரம் சட்டென்று குறையும், மலையில் எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஏற வேண்டிய உயரம் அப்படியே இருக்கும், மிதியை விட்டால் நாலு மீற்றரில் சைக்கிள் நின்றுவிடும். அதற்குத்தான் குளக்கட்டு. கரியரில் நெல்மூட்டையைக் கட்டிச் சமதரையில் ஓடிப் பழகு என்று யாராவது சொல்லுவார்கள், அதில் பெரிய பயனில்லை, உருளத் தொடங்கிய பிறகு பாரம் அவ்வளவாகத் தெரியாது. அதே மூட்டையோடு முத்தையன்கட்டுக் குளக்கட்டுச் சரிவில் பத்துத் தடவை ஏறிப் பாருங்கள். விடிந்த பிறகு போங்கள், யானை நிற்கும்.

மலையில் முதல் அரை மணி நேரம் பக்கத்தில் வருகிறவனோடு கதைத்துக்கொண்டு போக முடிகிற வேகம் போதும். அங்கே காட்டுகிற வீரத்துக்கு இறம்பொடை வளைவுகளில் வட்டி கட்ட வேண்டும். இடப்பக்க வளைவின் உள் ஓரம்தான் மிகச் செங்குத்து, பின்னால் பஸ் இல்லை என்று பார்த்துக் கொஞ்சம் வெளியே எடுத்துத் திரும்புங்கள். பசிக்கும் வரை காத்திராமல் ஒரு துண்டு பனங்கட்டியை வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

தள்ளுவது பற்றி: ஸ்பெயினில் ஆங்கிலிரு என்ற மலையில் நூறு மீற்றருக்கு 23 மீற்றருக்கும் மேல் உயரும் துண்டொன்று உண்டு, தொழில்முறை ஓட்டக்காரரே அங்கே மிகச் சின்னக் கியர் போட்டுத்தான் ஏறுகிறார்கள். நீங்கள் கியர் இல்லாமல் போய்த் தள்ளினால் யார் சிரிப்பது? சிரிக்கிற பெடியளும் புசல்லாவை தாண்டினால் வாயை மூச்சுக்குத்தான் திறப்பார்கள்.

அப்புறம், ஏறியதையெல்லாம் இறங்கவும் வேண்டும். பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் கொதிக்கும், வளைவுக்கு முன் இறுக்கிப் பிடித்துப் பிறகு விடுங்கள். மழை என்றால் இரும்பு ரிம்மில் பழைய ரப்பர் வழுக்கும், பிரேக் கட்டைகளை ஊரிலேயே மாற்றிக்கொண்டு வெளிக்கிடுங்கள்.