மணிக்கு எப்போது டிக்கெட் போடலாம்?

கேள்வி: என் கணவருக்கு பெர்லினில் வேலை கிடைத்திருக்கிறது. செப்டம்பர் 1 அன்று சேர வேண்டும். நானும் எட்டு வயது மகளும் கூடவே கிளம்புவதாகத் திட்டம். எங்கள் மணி, தெருவிலிருந்து குட்டியாக எடுத்து வந்த நாட்டு நாய். ஆறு வயது, 18 கிலோ. வருடம் தவறாமல் ரேபிஸ் ஊசி போடுகிறோம். கடைசியாக மார்ச்சில் போட்டது. தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சிப் வைத்ததில்லை. "சிப் வெச்சு சர்டிஃபிகேட் வாங்கிட்டா மூணே வாரத்துல அனுப்பிடலாம்" என்கிறார் ஒரு ஏஜென்ட். "தெரு நாய்க்கு ஃபிளைட்டா? திருப்பூர்ல எங்கிட்ட விட்டுட்டுப் போங்க" என்கிறார் மாமனார். அத்தனை மணி நேரம் கூண்டுக்குள் மணி தாங்குவானா? தூக்க மாத்திரை கொடுக்கலாமா? இப்போதே ஜூன் கடைசி ஆகிவிட்டது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.
— ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மணியைக் கூட்டிப்போகலாம். ஆனால் ஆகஸ்ட் கடைசியில் உங்களோடு அவன் ஏற முடியாது. எவ்வளவு பணம் கொடுத்தாலும், யாரைப் பிடித்தாலும் நவம்பருக்கு முன் சட்டப்படி அவன் ஜெர்மனிக்குள் நுழைய வழியில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வரும்.

வருடா வருடம் ஊசி போட்ட நாய்க்கு ஏன் இந்தக் காத்திருப்பு என்று கேட்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கில், மைக்ரோசிப் வைப்பதற்கு முன் போட்ட ரேபிஸ் ஊசி எதுவும் ஊசியே இல்லை. எந்த நாய்க்குப் போட்டது என்று நிரூபிக்க முடியாதல்லவா, அதனால்தான். மணியின் மார்ச் ஊசியும் அதில் அடிபட்டுப் போகிறது. ஆகவே முதலில் சிப். 15 இலக்க எண் உள்ள, ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரத்துக்கு உட்பட்ட சிப்தானா என்று டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அது படிகிறதா என்று ஸ்கேனரில் பார்த்த பிறகு ரேபிஸ் ஊசி. இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம், வரிசை மட்டும் மாறக்கூடாது. மார்ச்சில் போட்டுவிட்டு ஜூலையில் மறுபடியும் போட்டால் மணிக்கு ஏதாவது ஆகுமோ என்று பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான நாய்க்கு அதனால் கெடுதல் இல்லை.

ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இதைத்தான் டைட்டர் டெஸ்ட் என்பார்கள். ரேபிஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஊசி போட்ட மணிக்கு இந்த அளவு பெரிய தடையாக இருக்காது. எந்த ஆய்வகத்தில் செய்கிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள ஆய்வகத்தின் முடிவு மட்டுமே செல்லும். பக்கத்துத் தெரு லேப் எவ்வளவு நல்ல லேப் ஆனாலும் அந்தக் காகிதத்துக்கு அங்கே மதிப்பில்லை.

ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ரிசல்ட் வந்த தேதியிலிருந்து அல்ல, ரத்தம் எடுத்த தேதியிலிருந்து. அந்த மட்டில் லாபம். இந்தக் காத்திருப்புக்கு அர்த்தம் இருக்கிறது. ரத்தத்தில் தெரியும் எதிர்ப்புச் சக்தி ஊசியால் வந்ததா, நோய் ஏற்கெனவே உள்ளே புகுந்ததால் வந்ததா என்று ஒரு சோதனையை வைத்துச் சொல்லிவிட முடியாது. நோய் உள்ளே இருந்தால் பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள் வெளியே தெரிந்துவிடும். நரிகளுக்கு இரையில் மருந்து வைத்து, வருடக்கணக்கில் பாடுபட்டு, 2008-இல் தரைவாழ் விலங்குகளிடையே ரேபிஸ் இல்லாத நாடாக ஆனது ஜெர்மனி. வெறிநாய்க்கடியால் இன்றும் ஆட்கள் சாகிற நாட்டிலிருந்து போகும் நாயை அவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதில் எனக்கு வருத்தமில்லை.

கூட்டிப் பாருங்கள். ஜூலை முதல் வாரத்தில் சிப்பும் ஊசியும், ஆகஸ்ட் முதல் வாரத்தில் ரத்தம், நவம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு பயணம். ஏஜென்ட் சொன்ன மூன்று வாரத்தில் இதை முடிக்க ஒரே வழி, பழைய தேதி போட்டுப் பொய்யாக எழுதுவதுதான். அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். காகிதம் சரியில்லை என்று அங்கே பிடிபட்டால் உங்கள் செலவில் வந்த வழியே திருப்பி அனுப்புவார்கள், அல்லது உங்கள் செலவில் தனிமைப்படுத்தி வைப்பார்கள். இரண்டுமே முடியாத நிலையில் கருணைக்கொலைக்கும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஏஜென்ட்டுக்குக் கமிஷன் போகும். உங்களுக்கு மணி போவான்.

இப்போது குடும்பத்தின் கணக்கு. நாய் பயணம் செய்யும் நாளுக்கு முன்போ பின்போ ஐந்து நாளுக்குள் உரிமையாளரும் பயணம் செய்தால்தான் அது 'சொந்தச் செல்லப்பிராணி' என்ற எளிய விதியில் வரும். நீங்கள் எழுதிக் கொடுத்து வேறொருவர் கூட்டி வரலாம், அப்போதும் இந்த ஐந்து நாள் நிபந்தனை உண்டு. அதைத் தாண்டினால் வணிகத்துக்காகக் கொண்டுவரும் விலங்குக்கான விதிகள், வேறு சான்றிதழ், கூடுதல் தலைவலி. ஆக, மூவரும் ஆகஸ்டில் போய்விட்டு மணியை மாமனார் பின்னால் ஏற்றிவிடுவார் என்ற யோசனை நடக்காது.

என்னைக் கேட்டால் கணவர் முதலில் போகட்டும். பெர்லினில் வாடகை வீடு கிடைப்பது இன்று பெரும்பாடு. அவர் வீடு தேடும் வரை குழந்தையையும் நாயையும் வைத்துக்கொண்டு தற்காலிக அறையில் அல்லாடுவதைவிட நீங்கள் கோவையில் இருப்பதே மேல். மகளின் பள்ளி பிந்துமே என்று தோன்றும். ஜெர்மன் தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கென்று பெர்லின் பள்ளிகளில் வரவேற்பு வகுப்புகள் இருக்கின்றன, கல்வியாண்டின் நடுவிலும் சேர்க்கிறார்கள். வீடு பார்க்கும்போதே நாய் உண்டு என்று கணவர் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் 'நாய், பூனை அறவே கூடாது' என்று பொதுப்படையாக அச்சடித்து வைப்பது செல்லாது என்று 2013-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்காக மறைத்துக் குடியேறி, பிறகு தீர்ப்பை நீட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது.

கடைசிக் கட்டக் காகிதம்தான் உங்கள் நெஞ்சைப் படபடக்க வைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உடல்நலச் சான்றிதழ் படிவம், ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்ந்த பதிப்பு, அரசு கால்நடை மருத்துவ அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் பெற வேண்டும். சென்னையிலிருந்து கிளம்புவதானால் பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு நிலையத்துக்கு மணியோடு நேரில் போக வேண்டியிருக்கும். கையெழுத்தான நாளிலிருந்து ஜெர்மனியில் சோதிக்கும் நாள் வரை 10 நாள்தான் அது செல்லும். நவம்பர் என்றால் சென்னையில் அடைமழை, புயல் எச்சரிக்கை, விமான ரத்து எல்லாம் உண்டு. ஒன்பதாம் நாளுக்கு டிக்கெட் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். நான்கைந்து நாளுக்குள் புறப்படும்படி வையுங்கள். சிப் எண் ஊசிப் புத்தகம், ஆய்வக அறிக்கை, சான்றிதழ் மூன்றிலும் ஓர் இலக்கம்கூட மாறக்கூடாது. ஸ்கேனரில் எண் தெரியும்போதே போனில் படம் எடுத்து வைத்து, ஒவ்வொரு காகிதம் கைக்கு வரும்போதும் ஒப்பிடுங்கள். இனம் என்ற கட்டத்தில் 'கலப்பினம்' என்று எழுதினால் போதும். உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள், தெரு நாய் என்பதால் ஜெர்மனிக்கு ஓர் ஆட்சேபணையும் இல்லை. பிட்புல், புல் டெரியர் போன்ற சில இனங்களைத்தான் அவர்கள் உள்ளே விடுவதில்லை.

தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். மயக்கத்தில் ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு மந்தமாகும், விமானம் ஆடும்போது காலூன்றி நிற்க முடியாது. ஏதாவது ஆனால் பார்க்க அங்கே ஆளில்லை. மாத்திரை கொடுத்த நாயை ஏற்ற மாட்டோம் என்று சொல்லும் விமான நிறுவனங்களும் உண்டு. 18 கிலோ நாய் பயணிகள் பகுதிக்கு வர முடியாது, கீழ்த்தளத்தில்தான் போவான். அங்கே காற்றழுத்தம் மேலே உங்களுக்கு இருப்பதேதான். விலங்கு ஏற்றும் பகுதியில் வெப்பநிலையையும் பார்த்துக்கொள்வார்கள். இருட்டும் இரைச்சலும்தான் அவனுக்குப் புதுசு.

அதைப் பழக்க உங்களுக்கு நான்கு மாதம் கிடைத்திருக்கிறது. காத்திருப்பில் உள்ள நல்ல காரியம் இது ஒன்றுதான். கூண்டை இந்த மாதமே வாங்கிவிடுங்கள். மணி தலை இடிக்காமல் நிற்க வேண்டும், சுற்றித் திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா வைத்திருக்கும் விதியின் சாரம் அவ்வளவே. கதவைக் கழற்றிவிட்டு ஹாலில் வையுங்கள். சோற்றுத் தட்டு அதற்குள் போகட்டும். உங்கள் பழைய சேலையை உள்ளே விரியுங்கள். தானாகப் போய்ப் படுக்க ஆரம்பித்த பிறகு கதவை மாட்டி, முதலில் ஐந்து நிமிடம், பிறகு அரை மணி, பிறகு ஓர் இரவு. தெருவில் பிறந்த நாய்க்கு அடைபடுவது பிடிக்காது, அவசரப்பட்டால் கூண்டென்றாலே ஓடுவான். பயண நாளில் சில மணி நேரம் முன்னதாகக் கொஞ்சம் சாப்பாடு, தண்ணீர் கடைசி வரை, ஏற்றுவதற்கு முன் நல்ல நடை.

விமானத்தில் சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் நேரடிச் சேவையையே பாருங்கள். நடுவில் இறங்கி மாறும் ஒவ்வொரு ஊரும் ஒரு வெயில் தளம், ஒரு புது விதி. நாயை உங்கள் பயணத்தோடு லக்கேஜாக ஏற்றுவார்களா, தனிச் சரக்காகத்தான் ஏற்றுவார்களா என்று விமான நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். சரக்கு என்றால் அவன் கட்டணம் உங்கள் டிக்கெட்டைத் தாண்டலாம். மாமனார் காதில் போடாமல் இருப்பது உத்தமம். மனிதருக்கு முன் நாய்க்கு இடம் உறுதி செய்யுங்கள், ஒரு விமானத்தில் இத்தனை விலங்குதான் என்ற கட்டுப்பாடு உண்டு.

மாமனார் சொன்னதையும் ஒதுக்கிவிட முடியாது. மணிக்குப் பன்னிரண்டு வயதாகி, இதயத்திலோ மூச்சிலோ கோளாறு இருந்தால், அல்லது பக் போல மூக்குச் சப்பிய இனமாக இருந்தால் திருப்பூரிலேயே விடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். ஆறு வயது, நீண்ட மூக்கு, திடமான உடம்பு. அவன் வரலாம். நாளை டாக்டரிடம் இதயத் துடிப்பையும் ரத்தப் பரிசோதனையையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ரேபிஸ் ஊசியைத் தேதி தவறாமல் போட்டு வந்தால் இந்த டைட்டர் முடிவு பிறகும் செல்லும், அடுத்த பயணங்களுக்கு இவ்வளவு பாடு இருக்காது.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் சுங்கத்தில் நீங்களாகவே போய் நாய் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்; 'அறிவிக்க ஒன்றுமில்லை' என்பவர்களுக்கான பச்சை வழியில் நடந்துவிடாதீர்கள். அங்கிருந்து பெர்லினுக்கு ரயிலில் நான்கு மணி நேரம் சொச்சம். பெரிய நாய்க்கு டிக்கெட் வேண்டும், கயிறும் வாய்க்கூடும் வேண்டும், அதனால் வாய்க்கூட்டையும் கூண்டோடு சேர்த்தே இங்கேயே பழக்குங்கள். பெர்லினில் நாய்க்கு வரி உண்டு, முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. நாய் யாரையாவது கடித்தாலோ சேதம் செய்தாலோ ஈடுகட்டும் காப்பீடும் அங்கே கட்டாயம், அதைக் கணவர் முன்கூட்டியே எடுத்து வைக்கலாம். நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், குளிரும். கோவை வெயிலில் வளர்ந்த குட்டை முடிக்காரன், அவனுக்கும் ஒரு ஸ்வெட்டர் வாங்கச் சொல்லுங்கள்.