‘வாங்க, உட்காருங்க’ என்று சொன்னால் லிபரல் ஆகிவிடுவாரா?

கேள்வி: எதிர்க்கட்சிக்காரரை மரியாதையாகப் பேசுபவர்தானே லிபரல்?

அப்படி இல்லைங்க. மரியாதை நாக்கில் இருப்பது. லிபரலா, அதாவது எதிராளியின் சுதந்திரத்தையும் மதிப்பவரா இல்லையா என்பது, போலீஸும் சிறையும் தன் கையில் இருக்கும்போது எதிராளியை என்ன செய்கிறார் என்பதில்தான் தெரியும். ராஜாஜியையே எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சில் அவரைப்போல நயமானவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் 1938-ல் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்தவர்கள் மீது அவருடைய காங்கிரஸ் மாகாண அரசு ஏவியது, முன்பு வெள்ளைக்காரன் காங்கிரஸ்காரர்களைப் பிடித்துப்போட்ட அதே குற்றவியல் திருத்தச் சட்டம். ஆயிரம் பேருக்கு மேல் கைதானார்கள், பெரியாரும் உள்ளே போனார். நடராசனும் தாளமுத்துவும் கைதிகளாகவே 1939-ல் இறந்தார்கள். அப்புறம் 1959-ல் அதே ராஜாஜி சுதந்திராக் கட்சி தொடங்கி, ‘பெர்மிட்-லைசென்ஸ்’ ஆட்சி குடிமகன் கழுத்தை நெரிக்கிறது என்றார். ஆட்சி கைவிட்டுப் போனபிறகு யாருக்குமே சுதந்திரம் இனிக்கும்.

கேள்வி: பெரியார் மேடையில் போட்டுத் தாக்கினாரே, அது நாகரிகமா?

சொல் கரடுமுரடுதான், மறுக்கவில்லை. நேரில் சின்னப் பையனையும் ‘வாங்க’ என்பார், அது வேறு விஷயம். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற ராஜாஜியின் 1953 கல்வித் திட்டத்தைக் ‘குலக்கல்வி’ என்று விடாமல் அடித்தார். அடுத்த ஆண்டு ராஜாஜி முதல்வர் பதவியிலிருந்து விலகினார். 1972 டிசம்பரில் ராஜாஜியின் இறுதிச் சடங்கில், 93 வயதில், அழுததும் அவரேதான். அதற்காகக் குலக்கல்வி சரி என்று சொல்லிவிடவில்லை.

கேள்வி: அண்ணா?

1967-ல் பெரியார் காங்கிரஸுக்கு ஓட்டுக் கேட்டார். ஜெயித்த அண்ணா பதவியேற்கும் முன்பே திருச்சிக்குப் போய் அவரைப் பார்த்தார். சாதுரியம் என்பார்கள். இருக்கட்டுமே.

கேள்வி: இப்போது ஒருமையில் திட்டுகிறவர்கள் மீது அவதூறு வழக்குப் போட்டால் அடங்கிவிடுவார்களே?

யார் அடங்குவார்கள் என்று பாருங்கள். நம் நாட்டில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அந்தச் சட்டம் செல்லும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உங்களை ஒருவர் அவதூறு பேசினால் நீங்கள்தான் வக்கீல் பிடித்து நடக்க வேண்டும். அமைச்சரின் அரசுப் பணியைப் பற்றிப் பேசினாலோ, அவருக்காக அரசு வழக்கறிஞரே வழக்குப் போடலாம். அந்தச் செலவு நம் வரிப்பணம்.

கேள்வி: எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில், ‘சாக்கடை அள்ளி மூணு வாரமாச்சு, கவுன்சிலர் எங்கே?’ என்று கேட்டவரை, நாகரிகம் வேண்டும் என்று சொல்லி அட்மின் நீக்கிவிட்டார். சரியா?

அதில் எந்தச் சொல் அநாகரிகம் என்று குழுவிலேயே கேளுங்கள். உங்களையும் நீக்கினால், சாக்கடைக்கென்றே புதுக் குழு ஆரம்பித்துவிடலாம்.